முல்லைக் கொடியில் இலை சுருண்டால்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

புதுச்சேரியில் கடலுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு முல்லைக் கொடி பந்தலேறி நிற்கிறது. ஒரு கோடையில் அதன் இலைகள் சுருண்டபோது, காரணம் பார்க்காமல், கடையில் கொடுத்த பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டேன். இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தி என்ற மிகச் சிறிய உயிரியைத் தின்றுகொண்டிருந்த பொறிவண்டுகள் செத்தன. செஞ்சிலந்தியோ முன்னிலும் அதிகமாகப் பெருகியது. அந்த ஆண்டு பூவே இல்லை. புதிதாகக் கொடி வளர்ப்பவர்களுக்கு அந்த இழப்பு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், மருந்தைத் தொடாமல், கொடியை இருமுறை பாருங்கள்: பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை, மறுநாள் விடியற்காலையில் ஒருமுறை. மதியம் சுருண்ட இலை மறுநாள் காலையில் விரிந்திருந்தால் அது நோயன்று; அக்கினி நட்சத்திர வெயிலில் நீரிழப்பைக் குறைக்க இலை தானே மடங்கிக்கொள்கிறது. காலையிலும் சுருண்டே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாவதாக, மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். சேறாக ஒட்டினால் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கக்கூடும். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்போதும் இலை வாடிச் சுருளும். அதை வறட்சி என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவதுதான் பலர் செய்யும் பிழை.

மூன்றாவது படியைக் கடலோரத்தில் இருப்பவர்கள் தவிர்க்கக் கூடாது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, இலையின் ஓரம் முதலில் கருகிப் பிறகு உள்நோக்கி மடங்கினால், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பைச் சந்தேகியுங்கள். நல்ல நீரை அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். ஐப்பசி மழைநீரைப் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது.

இவை எதுவுமில்லை என்றால், இலையைத் திருப்புங்கள். விடை பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்து மூன்று முறை தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எட்டுக் கால்களும், நரம்போரத்தில் மெல்லிய நூலாம்படையும், அதில் மணிபோல் ஒட்டிய முட்டைகளும் தெரியும். எறும்பு வரிசையாக ஏறினால் நுனித்தளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கழிவு இனிப்பானது, அதற்காகவே எறும்பு வருகிறது. இலைகள் சிலந்திவலை போன்ற நூலால் பிணைந்து சல்லடையாக இருந்தால் அது புழு. கையால் பொறுக்கினாலே போதும்.

முல்லையைத் தாக்கும் இன்னொரு தொல்லையும் உண்டு. இலை, தண்டு, மொட்டு எல்லாவற்றிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் முடி முளைத்து, இலை குறுகித் திரும்பும். பூஞ்சணம் என்று பலர் ஏமாறுகிறார்கள். தென்னையைக் கெடுக்கும் ஈரியோபைட் சிலந்தியின் நெருங்கிய உறவான, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தியே இதற்குக் காரணம். அந்தக் கிளைகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். புதிதாக நடுபவர்கள் இதைத் தாங்கும் பாரிமுல்லை ரகத்தைக் கேட்டு வாங்கலாம்.

செஞ்சிலந்திக்கும் அசுவினிக்கும் முதல் மருந்து தண்ணீர்தான்: காலையில் அடிப்பக்கத்தில் படுமாறு வேகமாகப் பீய்ச்சுங்கள். குறையாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மொட்டுப் பறித்து முடித்த மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளியுங்கள். சிலந்தி வகைகளுக்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் (நீரில் கலக்கும் கந்தகத் தூள்) பயன்படும். ஆனால் கடும் வெயில் நாளிலும், வேப்பெண்ணெய் தெளித்த இரு வாரங்களுக்குள்ளும் அதைத் தொட வேண்டாம், இலை கருகிவிடும்.

பாகூர்ப் பக்கம்போல வயலை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். நெல்வயலில் தெளிக்கும் 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து படிந்தாலும் தளிர் முறுக்கிக்கொள்ளும். அதற்கு மருந்தில்லை, பாதிக்காத புதுத்தளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால், முற்றிய இலையும் தளிரும் சேர்ந்த ஒரு கிளையைக் காலையில் வெட்டிச் செய்தித்தாளில் சுற்றி, பாய்ச்சும் நீரில் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டு, புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டிலும் கடலூர் மாவட்டத்தார் விருத்தாசலத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம்.