கரண்டு போனாலும் வேலை போகாத டெர்மினல்: புதியவர்களுக்கான செய்முறை

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை என்று நம் கரையோரத்தில் உட்கார்ந்து புரோகிராமிங் கற்றுக்கொள்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எப்போது கரண்டு போகும், எப்போது நெட் அறுந்து போகும் என்று சொல்ல முடியாது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் நிறம், எழுத்துரு, அழகான ப்ராம்ப்ட் ஆகியவற்றிலிருந்து தொடங்குகின்றன. அதெல்லாம் பிறகு பார்க்கலாம். நம் ஊருக்கு முதலில் வேண்டியது, பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஓர் அமைப்பு. உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கட்டளைகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது போல எழுதியிருக்கிறேன். அண்ணன் வாசிக்க, தங்கச்சி தட்டச்சு செய்யலாம். நான் காற்புள்ளி போட்டுப் பிரித்த இடமெல்லாம் இடைவெளி. பெரிய எழுத்து என்று சொல்லாதவரை எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து.

முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள்

லேப்டாப் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். மேசைக் கணினியை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபேனும் லைட்டும் அணையாமல் இருக்க, கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேர இடைவெளியைக் கணினியால் தாங்க முடியவில்லை என்று பொருள். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாற்றம் வேகமாக நடக்கும். அது இல்லாத இன்வெர்ட்டர் என்றால் கணினிக்கென்று தனியாக ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குவதுதான் வழி. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக மேசையைப் போடாதீர்கள். உப்புக்காற்று பட்டுப் பட்டு யூஎஸ்பி துளைகள் பச்சை பூத்துவிடும்.

ஹிஸ்டரி உடனுக்குடன் பதியட்டும்

டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் ஜன்னலில்) நீங்கள் அடிக்கும் கட்டளைகளை, அவற்றை வாங்கி இயக்கும் பாஷ் என்ற நிரல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியல்தான் ஹிஸ்டரி. ஆனால் இயல்பான அமைப்பில் அதை வட்டில் (டிஸ்கில்) எழுதுவது, டெர்மினலை மூடும்போதுதான். காலையிலிருந்து தேடித் தேடிக் கண்டுபிடித்த நீளமான கட்டளைகள் எல்லாம் மதியம் கரண்டு போனால் பதியாமலே அழிந்துவிடும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. நேற்று எப்படிச் செய்தோம் என்பதற்கு இருக்கும் ஒரே குறிப்பேடு அதுதான்.

ஃபைல்ஸ் செயலியில் ஹோம் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல் ஹெச் அழுத்துங்கள். மறைந்திருக்கும் கோப்புகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் பாஷ்ஆர்சி என்ற கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, கடைசி வரிக்குக் கீழே இதைச் சேருங்கள்: பெரிய எழுத்தில் ப்ராம்ப்ட், அடிக்கோடு, கமாண்ட், சமக்குறி எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரவேண்டும். அதை ஒட்டியே இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் ஹிஸ்டரி, ஓர் இடைவெளி, மைனஸ் ஏ. இனி ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அது வட்டில் பதியும்.

அதே கோப்பின் மேற்பகுதியில் ஹிஸ்ட்சைஸ் 1000 என்றும் ஹிஸ்ட்ஃபைல்சைஸ் 2000 என்றும் இருக்கும். 10000, 20000 என்று தாராளமாகக் கூட்டிவிடுங்கள். வெறும் எழுத்துகள்தான், இடத்தை அடைக்காது.

சரிபார்க்க, கோப்பைச் சேமித்துவிட்டுப் புதிய டெர்மினல் திறந்து ஏதாவது ஒரு கட்டளை அடியுங்கள். அதை மூடாமல் இரண்டாவது டெர்மினல் திறந்து மேல் அம்புக்குறியை அழுத்துங்கள். முதல் டெர்மினலில் அடித்தது வந்தால் சரி.

பழைய கட்டளையைத் தேட கன்ட்ரோல் ஆர் அழுத்தி, நினைவிருக்கும் ஒரு துண்டை அடித்தால் போதும். மீண்டும் கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் அதற்கு முந்தையது வரும். டெர்மினலில் ஒரே ஒரு குறுக்குவழிதான் கற்றுக்கொள்வேன் என்பவருக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எடிட்டர்

விஎஸ்கோட் என்றால் ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் என்பதை டிக் செய்யுங்கள். நீங்கள் தட்டச்சை நிறுத்திய ஒரு வினாடியில் சேமித்துவிடும். விம் பயன்படுத்துபவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். 200 எழுத்துகள் அடித்ததும், அல்லது கையை எடுத்து 4 வினாடி ஆனதும், அதுவே ஸ்வாப் என்ற ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைக்கும். கரண்டு வந்தபின் அதே கோப்பைத் திறந்தால் ஒரு நீண்ட எச்சரிக்கை வரும். பயந்து மூடிவிடாதீர்கள், ஆர் அழுத்துங்கள். மீண்டு வந்ததைப் படித்துப் பார்த்துச் சேமித்துவிட்டு, மறுபடி திறந்து டெலீட்டுக்கான டி அழுத்திப் பழைய ஸ்வாப்பை நீக்கிவிடலாம்.

டிமக்ஸ்

தொலைவில் இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் டெர்மினலில் நுழைய உதவும் வழி) மூலம் வேலை செய்பவர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி. கல்லூரியின் சர்வரோ வாடகைக்கு எடுத்த சர்வரோ, எதுவானாலும் சரி. இணைப்பு அறுந்தால் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் சேர்ந்தே நின்றுவிடும். டிமக்ஸ் என்பது டெர்மினல் அமர்வை உயிரோடு வைத்திருக்கும் ஒரு நிரல். அதற்குள் தொடங்கிய வேலை நிற்காது. படகைக் கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்ன வள்ளத்தில் கரைக்கு வருகிறோமே, அதே ஏற்பாடுதான்: நீங்கள் வந்து போகலாம், படகு அங்கேயே நிற்கும்.

கவனம்: டிமக்ஸ் சர்வரில் ஓட வேண்டும். உங்கள் வீட்டுக் கணினியில் டிமக்ஸ் தொடங்கி, அதற்குள்ளிருந்து சர்வருக்குப் போனால், கரண்டு போனதும் டிமக்ஸும் சேர்ந்து போய்விடும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது.

முதலில் சர்வருக்குள் நுழையுங்கள். நிறுவ: சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், டிமக்ஸ். டிமக்ஸ் என்பதன் எழுத்துகள் டி எம் யூ எக்ஸ்; இந்த டி, டைகரில் வரும் டி. பிறகு டிமக்ஸ், நியூ, மைனஸ் எஸ், மீன் என்று அடித்தால் மீன் என்ற பெயரில் ஓர் அமர்வு திறக்கும். பச்சை நிறப் பட்டை கீழே தெரியும். வழக்கம்போல வேலை செய்யுங்கள். வெளியேற கன்ட்ரோல் பி அழுத்தி, விரல்களை எடுத்துவிட்டு, டாக் என்பதில் வரும் டி அழுத்துங்கள். அடுத்த முறை வரும்போது டிமக்ஸ், அட்டாச், மைனஸ் டி, மீன். இங்கே டைகரில் வரும் டி. என்னென்ன அமர்வுகள் இருக்கின்றன என்று மறந்துவிட்டால் டிமக்ஸ், எல்எஸ்.

மவுஸால் மேலே உருட்டிப் பார்க்க முடியவில்லையே என்று எல்லோரும் கேட்பார்கள். சர்வரின் ஹோம் கோப்புறையில் புள்ளி டிமக்ஸ் புள்ளி கான்ஃப் என்ற கோப்பு உருவாக்கி, அதில் செட், மைனஸ் ஜி, மவுஸ், ஆன் என்று ஒரே வரி எழுதுங்கள். அடுத்து டிமக்ஸ் புதிதாகத் தொடங்கும்போது மவுஸ் வேலை செய்யும். திரையைப் பிரிப்பது, நிறம் மாற்றுவது எல்லாம் கை பழகிய பிறகு போதும்.

இணைப்பே அறுபடாமல் இருக்க

சும்மா இருக்கும் இணைப்பை மொபைல் நெட்வொர்க்குகள் சிறிது நேரத்தில் துண்டித்துவிடும். டீ குடித்துவிட்டு வந்தால் டெர்மினல் உறைந்து கிடப்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் கணினியில் புள்ளி எஸ்எஸ்ஹெச் கோப்புறைக்குள் கான்ஃபிக் என்ற கோப்பில் சர்வர்அலைவ்இன்டர்வெல், 30 என்று ஒரு வரி சேருங்கள். எஸ், ஏ, ஐ மூன்றும் பெரிய எழுத்து. 30 வினாடிக்கு ஒருமுறை கணினி சர்வரைத் தட்டிப் பார்க்கும், இணைப்பும் உயிரோடு இருக்கும்.

வைஃபையிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு அடிக்கடி மாறுபவர்கள், ரயிலில் மண்டபம் தாண்டி பாம்பன் பாலத்தின் மேல் போகும்போதும் லேப்டாப்பை மூடாதவர்கள், எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதிலாகப் பயன்படும் மோஷ் நிறுவிக்கொள்ளுங்கள். எழுத்துகள் எம் ஓ எஸ் ஹெச். ஐபி முகவரி மாறினாலும் அது இணைப்பை விடாது. இரு பக்கமும் நிறுவ வேண்டும். சர்வரின் ஃபயர்வாலில் யூடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும். மோஷில் பழைய வரிகளை மேலே உருட்டிப் பார்க்க முடியாது, அதனால் அதற்குள்ளும் டிமக்ஸ் வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்தால்

அப்பாவின் படகு வரவுசெலவுக்காக ஒரு சின்ன நிரல் எழுதுகிறீர்கள், கோப்புக்கு மீன்கணக்கு என்று பெயர் வைக்கிறீர்கள். வையுங்கள், தவறே இல்லை. ஆனால் கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பயன்படுத்தி கிட் ஸ்டேட்டஸ் அடித்தால் பெயருக்குப் பதில் சாய்கோடும் 340, 256 போன்ற எண்களும் வரிசையாக வரும். கோப்பு கெட்டுவிடவில்லை. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். மெய்ப்புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அம்மா என்ற சொல்லுக்கே 15 பைட்டுகள் ஆகும். அந்தப் பைட்டுகளை கிட் எண்களாகக் காட்டுகிறது. இதை நிறுத்த: கிட், கான்ஃபிக், மைனஸ் மைனஸ் குளோபல் எல்லாம் ஒட்டி, பிறகு கோர் புள்ளி கோட்பாத் இடைவெளியின்றி, கடைசியில் ஃபால்ஸ். கோட்பாத் என்பதன் எழுத்துகள் க்யூ யூ ஓ டி இ பி ஏ டி ஹெச்; இரண்டு டியும் டைகரில் வரும் டி. அதன்பின் பெயர் தமிழிலேயே வரும்.

டெர்மினலில் கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் அதற்கும் கவலைப்பட வேண்டாம். டெர்மினல் எல்லா எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது, நம் எழுத்துகள் அதற்குள் அடங்குவதில்லை. எடிட்டரில் திறந்தால் சரியாகவே இருக்கும்.

சோதித்துப் பாருங்கள்

மழைக்காலம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே சோதியுங்கள். கணினியின் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். சர்வரில் டிமக்ஸுக்குள் டாப் என்ற கட்டளையை (ஓடும் வேலைகளைக் காட்டிக்கொண்டே இருப்பது) ஓடவிட்டு, வைஃபையை அணையுங்கள். டெர்மினல் ஜன்னலையும் மூடிவிடுங்கள். சிறிது நேரம் கழித்து வைஃபையைப் போட்டு, சர்வருக்குள் நுழைந்து அட்டாச் செய்யுங்கள். டாப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஓர் அமர்வே இல்லை என்று வந்தால், டிமக்ஸை சர்வரில் தொடங்காமல் உங்கள் கணினியிலேயே தொடங்கியிருப்பீர்கள். வீட்டுக் கணினியில் டிமக்ஸ், எல்எஸ் அடித்துப் பாருங்கள், அங்கே இருக்கும்.