விறைப்பு மருந்து இரத்தத்தில் ஏறி வலிப்பு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புச் சத்திரசிகிச்சைத் தியேட்டர்களில் ஒவ்வொரு முறை புதிய பயிற்சி வைத்தியர்கள் வரும்போதும் அதே தவறுகளும் கூடவே வருகின்றன. பெயர்ச்சீட்டை வாசிப்பது, ஊசியைப் பின்னிழுத்துப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விடுகிறேன்.

நோயாளியின் பேச்சைத் தட்டிக்கழிப்பது

கைக்கு ஊசி போடும்போது "வாய் ஓரம் விறைக்குது டொக்டர்" என்றால் அது பயமல்ல. நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், குழறும் பேச்சு எதுவென்றாலும் அந்த இடத்திலேயே ஊசியை நிறுத்துங்கள்.

புரொபோஃபோலை எடுப்பது

இதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைப்பது. ஒருநாள் அக்குளில் நரம்புத் தடுப்பு ஊசி போட்டுச் சில நிமிடங்களில் நோயாளிக்கு வலிப்பு. இரத்த அழுத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தம்பி புரொபோஃபோல் என்ற வெள்ளை மயக்க மருந்தை சிரிஞ்சில் நிறைத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். "இதிலயும் லிப்பிட் இருக்குத்தானே சேர்?" என்றார்.

இருக்கிறது. விறைப்பு மருந்தின் நச்சுக்கு மாற்று மருந்து லிப்பிட்தான், நாளத்தில் ஏற்றும் கொழுப்புக் கலவை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ நோயாளிக்கு 20% லிப்பிட் முதல் தடவையில் கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர், அதாவது 90 மில்லிலீற்றர். 1% புரொபோஃபோலில் கொழுப்பு 10% மட்டுமே. அதே கொழுப்பு வேண்டுமென்றால் 180 மில்லிலீற்றர் ஏற்றவேண்டும்: 1800 மில்லிகிராம் புரொபோஃபோல், மயக்கத்துக்குக் கொடுப்பதைப்போல் 15 மடங்கு! போட்ட விறைப்பு மருந்தான பியூபிவகெயின் ஏற்கெனவே இதயத்தைத் தளர்த்தியிருக்கிறது. இது மிச்சத்தையும் சாய்த்துவிடும்.

முதலில் 100% ஒட்சிசன், சுவாசப் பாதை. மூச்சு குறைந்து காபனீரொட்சைட்டு ஏறினால், இரத்தம் அமிலமானால், வலிப்பு இன்னும் இலகுவாக வரும். மருந்தும் மூளைக்குள் கூடுதலாகச் சேரும். வலிப்புக்கு மிடசோலம், சிறிது சிறிதாக. கூடவே லிப்பிட்: முதல் ஊசிக்குப் பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிலீற்றர் ஓடட்டும். மொத்தம் கிலோவுக்கு 12 மில்லிலீற்றரைத் தாண்ட வேண்டாம்.

லிப்பிட் போத்தல் எந்த அலுமாரியில், சாவி யாரிடம்? ஊசியைக் கையில் எடுக்கமுன் கேளுங்கள். தாதியை அனுப்பவேண்டாம், நீங்களே போய்ப் பாருங்கள்.

சத்திரசிகிச்சை நிபுணரின் ஊசியை எண்ணாமல் விடுவது

45 கிலோ அம்மா ஒருவருக்கு 0.5% பியூபிவகெயின் 18 மில்லிலீற்றரோடு எல்லை முடிகிறது. கடைசியில் காயத்தில் போடுவதும் அதே கணக்கில்தான்.

இதயம் நின்றால் அட்ரினலின் 1 மில்லிகிராம்

வேண்டாம். அமெரிக்க அஸ்ரா (நரம்புத் தடுப்பு மயக்க மருத்துவச் சங்கம்) வழிகாட்டி சொல்வது கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள்.

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினால் லிக்னோகெயின்

கூடவே கூடாது. அதுவும் விறைப்பு மருந்துதான்.

சீக்கிரம் கைவிடுவது

இதயம் நின்றால் மார்பு அழுத்தத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் தொடரவேண்டி வரலாம்; ஆளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வலிப்பு மட்டும் வந்து தெளிந்தவரைக் குறைந்தது 2 மணித்தியாலம் மொனிட்டரில் வைத்திருங்கள். இதயமும் தடுமாறியிருந்தால் 4 முதல் 6 மணித்தியாலம். வார்ட்டிலிருந்து கட்டில் வேண்டுமென்று எத்தனை தடவை அழைப்பு வந்தாலும் அதற்கு முன் அனுப்பாதீர்கள்.