91-ஆம் சங்கீதத்தை நோயாளியின் அருகே வாசிப்பது எப்படி?

"பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்னும், வேதாகமத்தின் 91-ஆம் சங்கீதத்தில் வரும் 10-ஆம் வசனத்தைச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் வீடுகளுக்கும் புற்றுநோய் வருகிறது. அப்போது வசனம் பொய்த்ததா, தம் விசுவாசம்தான் குறைந்ததா என்று உள்ளுக்குள் உடைந்துபோகிறவர்கள் பலர். வசனத்தைக் கைவிடாமலும் நோயாளியைக் குற்றவாளியாக்காமலும் வாசிக்க வழி உண்டு.

முதலில், சங்கீதத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பொல்லாப்பு நேரிடாது என்ற அதே பாடலில், ஐந்தே வசனங்கள் தள்ளி, "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறார் கர்த்தர். ஆபத்தே அண்டாதவனுக்கு இந்த வாக்கு தேவைப்பட்டிராது.

அடுத்து, இச்சங்கீதத்தை வேதத்தில் வேறு யார் எடுத்தாளுகிறார்கள் என்று பாருங்கள். மத்தேயு 4-இல், தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி 11, 12-ஆம் வசனங்களைச் சொல்பவன் பிசாசு. இயேசுவோ, தேவனைப் பரீட்சை பாராதிருக்கச் சொல்லும் உபாகமம் 6:16-ஐ அதன் பக்கத்தில் வைக்கிறார். மருந்தை நிறுத்திவிட்டு வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னதையும் (1 தீமோத்தேயு 5:23) சேர்த்துக்கொள்ளலாம்.

எபிரெயர் 11-இல் நின்று நிதானித்து வாசியுங்கள். விசுவாசத்தினாலே பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பியவர்களை 34-ஆம் வசனம் சொல்கிறது. மூன்றே வசனங்கள் கழித்து, பட்டயத்தினாலே வெட்டுண்டு மரித்தவர்கள் வருகிறார்கள். ஆயுதம் ஒன்றே, முடிவுதான் வேறு. ஆனால் 39-ஆம் வசனம் இவர்கள் எல்லாருக்கும் விசுவாசத்தினாலே நற்சாட்சி உண்டு என்கிறது. தப்பியவன் விசுவாசி, செத்தவன் அவிசுவாசி என்று பிரிக்க இந்த அதிகாரம் ஒருபோதும் இடம்கொடுப்பதில்லை. அப்போஸ்தலர் 12-இலும் ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான், பேதுருவையோ தூதன் சிறையிலிருந்து வெளியே நடத்துகிறான். ஏன் இப்படி என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் சொல்லாத காரணத்தை நாமும் கட்டிலருகே உண்டாக்கிச் சொல்ல வேண்டாம்.

படுக்கையில் இருப்பவருக்கு வாசிக்கும்போது, அவர் கலங்கியிருந்தால், எடுத்தவுடன் 91-ஐத் திறக்காமல், ஆறுதல் வார்த்தையின்றியே முடிகிற 88-ஆம் சங்கீதத்தை முதலில் வாசித்து, அவர் பேச விரும்பினால் பேசவிடுங்கள். தன்னை வருத்திய 'முள்' என்னும் உபாதை நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் நீங்காத 2 கொரிந்தியர் 12-ஐ அதற்குப்பின் வாசிக்கலாம். கடைசியாக 91-க்கு வந்து, 15-ஆம் வசனத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, இரண்டுமுறை வாசியுங்கள்.