மைன்கிராஃப்ட் சர்வர் யாருக்குச் சொந்தம்?

மைன்கிராஃப்ட், கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டு. அதே உலகத்தில் பலர் சேர்ந்து விளையாட உதவும் இணையக் கணினிதான் சர்வர். மட்டக்களப்பு, கல்முனைப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் எங்கள் மைன்கிராஃப்ட் சர்வரைத் தொடங்கிய அண்ணன், கத்தாருக்குப் போனபின் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார். உடனே இருவர் தலைமைக்கு முண்டியடித்தார்கள். ஒருவர் தான் அதில் எழுப்பிய கல்லடிப் பாலத்தைக் காட்டினார். மற்றவர் சர்வருக்காகத் தான் செலுத்திய மாத வாடகையைக் காட்டினார்.

யார் பெரியவர் என்ற பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, எந்தச் சாவி யார் கையில் என்று பார்த்தேன். நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கோர்ட் செயலிக் குழுவில் உரிமையாளர் ஒருவர்தான். நிர்வாகிகள் எத்தனை பேர் இருந்தாலும் அவரை நீக்க முடியாது. உரிமையை அவரே மாற்றித் தர வேண்டும். விளையாட்டுக்குள் 'ஓப்' என்ற நிர்வாக அதிகாரம் இருப்பவர் ஆளை வெளியேற்றலாம், தடை செய்யலாம். ஆனால் நாங்கள் கட்டியதெல்லாம் சேமிக்கப்பட்ட உலகக் கோப்புறை சர்வர் வாடகைக் கணக்கில் அல்லவா கிடக்கிறது! அதுவும் அண்ணனிடமே இருந்தது.

களுவாஞ்சிகுடியிலுள்ள அவருடைய தங்கையிடம் இலக்கம் வாங்கி, வெள்ளிக்கிழமை விடுமுறையில் அழைத்தேன். "அண்ணா, தொடங்கியவர் என்ற பெயர் உங்களுக்கே இருக்கட்டும். கோப்புறையின் பிரதியை மட்டும் தாருங்கள்" என்றேன். அன்றிரவே அனுப்பினார். டிஸ்கோர்ட் உரிமையை, சண்டையில் சேராத காத்தான்குடித் தம்பி ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தார்.

இப்போது ஞாயிறுதோறும் உலகத்தின் பிரதி இருவர் கணினிக்கும் போகிறது. வாடகை செலுத்தியவர் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் திரிகிறார்; விளையாட மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்.