தோட்டத்துச் சனத்தொகை வளர்ச்சியைக் கணக்கிடுவது எப்படி?

சூத்திரம் ஒரே வரிதான். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். இலங்கை மலையகத்தின் தோட்டங்களில் கணக்கு தவறுவது வேறிடத்தில். சூத்திரத்துக்குள் போடும் இரண்டு எண்களும் ஒரே இடத்தையும் ஒரே மக்களையும் குறிக்கின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் எல்லையைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பின்போது நுவரெலியா மாவட்டத்தில் 5 பிரதேச செயலகப் பிரிவுகளே இருந்தன. பிறகு அவை உடைக்கப்பட்டு நோர்வூட், தலவாக்கலை என்று புதியவை வந்தன. அந்த ஐந்தில் ஒன்றான பழைய அம்பகமுவவையும் இன்றைய அம்பகமுவவையும் நேராக ஒப்பிட்டால், ஆட்கள் கூட்டமாக ஊரைவிட்டுப் போனதுபோல் தெரியும். கிராம உத்தியோகத்தர் பிரிவு வரை இறங்கி, பழைய எல்லைக்குள் விழுபவற்றைக் கூட்டி எடுங்கள்.

அடுத்தது திகதி. 1871இல் தொடங்கிய குடிசன மதிப்பு 1931 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது. அதன் பிறகு இடைவெளி சீராக இல்லை: 1946, 1953, 1963, 1971, 1981, 2001, 2012, 2024. 1971இன் கணக்கெடுப்பு ஒக்டோபர் 9. 1981இனது மார்ச் 17. நடுவில் 9.44 ஆண்டுகளே.

வளர்ச்சி வீதம் = இயற்கை மடக்கை (பிந்திய தொகை ÷ முந்திய தொகை) ÷ ஆண்டுகள் × 100

நாடு முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். 12,689,897 பேர் 14,846,750 ஆனார்கள். விகிதம் 1.170, அதன் மடக்கை 0.157. அதை 9.44ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 1.66 வீதம், 10ஆல் வகுத்துப் பெருக்கினால் 1.57. சிறிய வித்தியாசம்தான், ஆனால் இரட்டிப்புக் காலம் (69.3 ÷ வீதம்) 42 ஆண்டிலிருந்து 44க்குத் தாவிவிடும்.

மூன்றாவது சோதனைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்: யாரை எந்தப் பெயரில் எண்ணினார்கள்? 'இந்தியத் தமிழர்' என்ற தனிப்பிரிவு 1911இல்தான் வருகிறது. 1971இல் அந்தப் பிரிவில் ஏறத்தாழ 11.7 இலட்சம் பேர், 1981இல் 8.2 இலட்சம். வளர்ச்சி வீதம் கழித்தல் குறியோடு வரும். அதைப் பார்த்துவிட்டு 'பிறப்பு குறைந்தது' என்று எழுதுவது பெரும் தவறு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஒரு பக்கம். கணக்கெடுப்பில் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்கள் மறுபக்கம். இரண்டாமவர்கள் எங்கும் போகவில்லை, லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) இருந்தார்கள். ஆகவே நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு இரண்டு பிரிவுகளையும் கூட்டிய தொகையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பிறகு சமன்பாட்டால் சரிபாருங்கள்: பிந்திய தொகை = முந்திய தொகை + பிறப்பு − இறப்பு + வந்தவர் − போனவர். பிறப்பு இறப்புப் பதிவைக் கழித்தபின் எஞ்சுவதே இடப்பெயர்வு. நுவரெலியா மாவட்டம் 2001இல் 703,610, 2012இல் 711,644, ஆண்டுக்கு 0.1 வீதம் மட்டுமே. பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கும் மாவட்டத்தில் இவ்வளவு சிறிய எண் வந்தால், கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களைத் தேடுங்கள். 1981இல் கணக்கெடுப்பு இரவில் இருந்த இடத்தில் எண்ணினார்கள், 2012இல் வழக்கமாக வசிக்கும் இடத்தில். கொழும்புக் கடையில் வேலை செய்யும் பையன் எந்த ஊர்க் கணக்கில் விழுவான் என்பது இதைப் பொறுத்தது.

கோப்பிக் காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. பழம் பறிக்க வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் தமிழ்நாடு திரும்பினார்கள். 1871 கணக்கெடுப்போ மார்ச் மாதத்தில், பறிப்புக் காலம் முடிந்த பின் நடந்தது. பின்னர் வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். எனவே 1871க்குப் பிந்திய உயர்வு முழுவதையும் புதுவரவாகக் கொள்ளக் கூடாது. வந்துபோனவர்கள் தங்கிவிட்டதும் அதற்குள் இருக்கிறது.

நீங்களே தோட்டத்தின் ஒரு பிரிவில் கணக்கெடுப்பதானால் செக்ரோலை (தோட்டத்து வேலைப் பதிவேட்டை) நம்பி இறங்காதீர்கள். அதில் பேர் போட்ட தொழிலாளர் மட்டுமே இருப்பார்கள். காம்பராக்களையும் (லயத்து அறைகளையும்) எண்ண வேண்டாம், அடுப்புகளை எண்ணுங்கள். ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம் தனித்தனியே சமைப்பதுண்டு. வயதைக் கேட்கும்போது முடிந்தவரை பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் 40, 45, 50 என்று குவியும். குவிந்திருக்கிறதா என்று அறிய, 25, 30 என 60 வரை 5ஆல் வகுபடும் வயதினரைக் கூட்டி 5ஆல் பெருக்கி, 23 முதல் 62 வரையான மொத்தத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 100க்கு அருகே வந்தால் நல்லது. 125ஐத் தாண்டினால் ஒற்றை வயதுகளை விட்டு ஐந்தாண்டுத் தொகுதிகளாக அட்டவணை போடுங்கள்.