அப்பா விட்டுப்போன வீட்டுக்கு மதிப்புப் போடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலமே பேச்சு வந்துவிட்டது: "இந்த வீடு என்ன விலை போகும்?" அத்தை ஒன்று சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். நடுவே 4 லட்சம் ராண்ட் வித்தியாசம். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: அதிகாரம்

இறப்பை 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் (இறந்தவர் சொத்துகளின் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் அலுவலகம்) தெரிவிக்க வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்கு மேல் என்றால் எக்ஸிகியூட்டர், அதாவது கடன்களைத் தீர்த்துச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர், நியமனக் கடிதம் வாங்க வேண்டும். அதற்குள் என்றால் எளிமையான அதிகாரக் கடிதம் போதும். அப்போது கொடுக்கும் சொத்துப் பட்டியலில் தோராயமான மதிப்பை எழுதலாம்.

இரண்டாம் படி: யாரைக் கூப்பிடுவது

நகராட்சி ரேட்ஸ் பில்லில் இருக்கும் தொகை வரி போடுவதற்கானது. ஏஜென்ட் இலவசமாகத் தரும் தாள், விற்றால் என்ன கேட்கலாம் என்ற கணிப்பு. வாரிசுகளில் 18 வயது ஆகாதவர் இருந்தாலோ, ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தாலோ இந்த இரண்டையும் நம்பாதீர்கள். மாஸ்டர் அலுவலகம் ஏற்கும் ஸ்வோர்ன் அப்ரைசரையே (உறுதிமொழி எடுத்த மதிப்பீட்டாளர்) கூப்பிடுங்கள். அவர் சொத்து மதிப்பீட்டாளர் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாம் படி: எந்தத் தேதி

வேண்டியது இறந்த நாளின் சந்தை மதிப்பு. இன்றைய மதிப்பு இல்லை. இதை மதிப்பீட்டாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதற்கும் சாமான்களைக் காலி செய்வதற்கும் முன்பே எல்லா அறைகளையும் படம் எடுத்து வையுங்கள். நாங்கள் அவசரப்பட்டுச் சமையலறையை மாற்றிவிட்டோம், பழைய நிலையை வாய்வார்த்தையாகத்தான் விளக்க முடிந்தது.

நான்காம் படி: அவர் வரும் நாள்

பத்திரம், ரேட்ஸ் பில், கட்டட பிளான் எல்லாம் கையில் இருக்கட்டும். எங்களிடம் பிளான்தான் சிக்கல். கராஜை அப்பா இரண்டு அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். அதற்கு நகராட்சி ஒப்புதல் இல்லை. மதிப்பீட்டாளர் அந்த அறைகளையும் அளந்தார், ஆனால் ஒப்புதல் இல்லாத இடம் என்று தனியாகக் குறித்தார். வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஊறிய சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். அப்புறம் பக்கத்துத் தெருக்களில் அதே காலத்தில் விற்ற, ஒரே சுவரைப் பகிரும் மூன்று இரட்டை வீடுகளோடு ஒப்பிட்டு எழுதினார். அம்மா வைத்த கறிவேப்பிலை மரத்துக்கு அறிக்கையில் இடமே இல்லை. எனக்கு அது வலித்தது.

குறைத்துப் போடச் சொல்லலாமா?

வேண்டாம். எஸ்டேட் வரி, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கான வரி, 35 லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட நிகர மதிப்புக்குத்தான், 20 சதவீதத்தில் தொடங்கும். கணவனுக்கோ மனைவிக்கோ போகும் சொத்து அந்தக் கணக்கில் கழிந்துவிடும். அதனால் நம்மில் பல குடும்பங்களுக்கு அந்த வரியே வராது. எக்ஸிகியூட்டர் கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம் என்பதால் அதில் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அதைப் பேசியே குறைக்கலாம். இழப்பு பின்னால் வரும். பிள்ளைக்கு வரும் வீட்டின் அடக்கவிலை, அதாவது பின்னால் விற்கும்போது வாங்கிய விலையாகக் கணக்கில் எடுக்கும் தொகை, இந்த மதிப்புதான். வீட்டை வாடகைக்கு விட்டுப் பத்து வருடம் கழித்து விற்றால், இன்று குறைத்த ஒவ்வொரு ராண்டும் அன்று லாபமாகக் கணக்காகி மூலதன ஆதாய வரிக்குள் வரும்.

எக்ஸிகியூட்டரே வெளியாருக்கு நேர்மையாக விற்றுவிட்டால், எஸ்டேட் வரிக்கு அந்த விற்பனை விலையே மதிப்பு.

கடைசியாக: எக்ஸிகியூட்டர் தரும் பங்கீட்டுக் கணக்கு 21 நாள் பொதுப் பார்வைக்கு இருக்கும். அதுவரை காத்திருக்காமல் அறிக்கை வந்த அன்றே எல்லா வாரிசுக்கும் நகல் அனுப்புங்கள். எங்கள் தங்கச்சி அதைப் படித்துவிட்டு, ஒப்பிட்ட வீடுகளில் ஒன்று மேட்டுத் தெருவில் இருக்கிறதே என்று கேட்டாள். மதிப்பீட்டாளர் இரண்டே நாளில் காரணத்தை எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் அண்ணன் கையெழுத்துப் போட்டார்.