ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் வீட்டில் ஒலிக்க: விபிஎன் வழியாக இணைய போன்

ஆபீஸில் போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளான ஆஸ்டெரிஸ்கோ ஃப்ரீபிபிஎக்ஸோ ஓடுகிறது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அதே எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றால், பலர் முதலில் செய்வது ரவுட்டரில் இணைய போன் அழைப்புக்கான 5060 போர்ட்டைத் திறந்துவிடுவதுதான். செய்யாதீர்கள். அந்தப் போர்ட்டைத் தேடி ஸ்கேனர்கள் இணையம் முழுக்க அலைகின்றன. 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும், யாராவது எக்ஸ்டென்ஷன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் லைனில் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு பறந்து, பில் வரும்போதுதான் விஷயமே தெரியும். அதோடு, சாதாரண சிப் (SIP, இணைய போன்கள் அழைப்பை இணைக்கும் முறை) அழைப்பில் குரலுக்கு என்கிரிப்ஷன் கிடையாது. நடுவில் குரலைச் சுமந்து போகும் டேட்டா துண்டுகளை, அதாவது பாக்கெட்டைப் பிடிக்க முடிந்தவர், வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆராயும் மென்பொருளில் போட்டு முழுப் பேச்சையும் கேட்டுவிடலாம்.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே என்கிரிப்ஷன் செய்த தனிப்பாதை போடும் விபிஎன் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கும். நான் வயர்கார்ட் என்ற விபிஎன்னைத்தான் சொல்வேன், ஏனென்றால் அது யுடிபியில் (தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்காத அனுப்பும் முறை) மட்டுமே ஓடும். ஓபன்விபிஎன்னும் பரவாயில்லை, யுடிபியில் இருக்கும்வரை. டிசிபியில் மட்டும் வைக்காதீர்கள்: குரல் பாக்கெட் ஒன்று தொலைந்தால் போவது வழக்கமாக 20 மில்லிசெகண்ட் பேச்சுதான், காது கண்டுகொள்ளாது, ஆனால் டிசிபி அதைத் திரும்ப வாங்காமல் விடாது, அதுவரை பின்னால் வந்த பாக்கெட்டுகளையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைக்கும், பேச்சு திக்கித் திக்கி வரும்.

சர்வரில் வயர்கார்டைப் போட்டு, ரவுட்டரில் 51820 யுடிபி ஒன்றை மட்டும் திறங்கள். தெரியாத சாவியோடு வருகிற பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது என்பதால் ஸ்கேனருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. விபிஎன்னுக்குள் சர்வருக்கு 10.8.0.1 என்ற முகவரி, ஒவ்வொரு போனுக்கும் அடுத்தடுத்த எண், ஆளுக்கொரு சாவி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய சாவியை மட்டும் நீக்கினால் போதும். போன் பக்கம் ‘அலவுட் ஐபிஸ்’ என்ற இடத்தில் 10.8.0.0/24 (10.8.0 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம்) மட்டும் போடுங்கள், 0.0.0.0/0 போட்டால் வீட்டில் பார்க்கிற யூடியூப் கூட ஆபீஸ் வழியாகத்தான் போகும். ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25. இது இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் வீட்டு ரவுட்டர் அந்த இணைப்பை மறந்துவிடும், நீங்கள் அழைத்தால் போகும், உங்களுக்கு வருவது மட்டும் ஒலிக்காது. அப்புறம் லின்ஃபோன் மாதிரி ஓர் ஆப்பில் எக்ஸ்டென்ஷன், பாஸ்வேர்ட், டொமைன் இடத்தில் 10.8.0.1. ஆபீஸின் 192.168.1 முகவரியைக் கொடுக்காதீர்கள், பாதி வீடுகளிலும் அதே 192.168.1தான்.

ஆபீஸ் இணைப்புக்குச் சொந்த பொது ஐபி இல்லாவிட்டால் (பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே ஐபியைப் பலருக்குப் பங்கு போட்டுத்தான் தருகிறார்கள்) ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள், அல்லது வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வையுங்கள். அது பக்கத்தில் இருக்கட்டும். சென்னையில் இருக்கும் இரண்டு பேர் ஃபிராங்க்ஃபர்ட் சர்வர் வழியாகப் பேசினால் குரல் போய் வர 15,000 கிலோமீட்டர் ஆகும்; கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான், ஆக வேறு எந்தத் தாமதமும் இல்லாமலே 75 மில்லிசெகண்ட் காலி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பரிந்துரையான ஜி.114 ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அதில் பாதி பயணத்துக்கே போய்விட்டது.

இனி எல்லாரையும் படுத்துகிற கோளாறு: ரிங் ஆகிறது, எடுக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது. சிப் அழைப்புக்குள்ளேயே ‘என் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று ஒரு வரி போகும். ஆஸ்டெரிஸ்குக்கு 10.8.0.0/24 உள் நெட்வொர்க் என்று தெரியாவிட்டால் அந்த வரியில் ஆபீஸின் பொது ஐபியை எழுதிவிடும், போன் குரலை விபிஎன்னுக்கு வெளியே அனுப்பும், அங்கே போர்ட் மூடியிருக்கும். ஃப்ரீபிபிஎக்ஸில் சிப் செட்டிங்ஸில் ‘லோக்கல் நெட்வொர்க்ஸ்’ பட்டியலில் இதைச் சேருங்கள், ஃபயர்வாலிலும் நம்பகமானதாகக் குறியுங்கள். சில ஆப்கள் இதே தப்பை எதிர்ப்பக்கம் செய்யும், வீட்டு வைஃபை முகவரியை எழுதி அனுப்பும். அதற்கு அந்த எக்ஸ்டென்ஷனில் ‘ஆர்டிபி சிமெட்ரிக்’, ‘ரீரைட் கான்டாக்ட்’ இரண்டையும் ஆன் செய்து, ‘டைரக்ட் மீடியா’வை ஆஃப் செய்யுங்கள்.

ரிஜிஸ்டர் ஆகிறது, அழைத்தால் மட்டும் போகவே இல்லை என்றால் கோடெக் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) பட்டியலைப் பாருங்கள். பத்து கோடெக்கைத் தூக்கி வைத்திருந்தால் அழைப்புச் செய்தி பெருத்து, வயர்கார்டின் பாக்கெட் அளவான 1420 பைட்டுக்குள் அடங்காமல் உடைந்து வழியில் தொலையும். ஓபஸ், ஜி.711 போதும்.

சின்ன கோடெக் போட்டால் டேட்டா மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு: ஜி.729-இல் குரல் 8 கிலோபிட்தான், ஆனால் நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றுக்கும் தலைப்புகள், அதன்மேல் வயர்கார்டின் 60 பைட், எல்லாம் சேர்ந்து 50 கிலோபிட்டைத் தொடும். சரக்கைவிடப் பெட்டிதான் கனம். ஜி.711 நூறைத் தாண்டும், இன்றைய இணைப்புக்கு அது ஒன்றுமில்லை. கெடுப்பது வேறு: போன் பேசும்போதே யாரோ மொபைலில் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருப்பது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதுகாப்பு உங்கள் சர்வர் வரைதான். அங்கிருந்து வெளி எண்ணுக்குப் போகும் பேச்சு சாதாரண போன் பேச்சேதான். வாட்ஸ்அப் அழைப்புக்கு இதெல்லாம் வேண்டாம், அதில் என்கிரிப்ஷன் ஏற்கெனவே உண்டு. துபாய் பக்கம் இருப்பவர்கள் தடை செய்த அழைப்புகளுக்காக விபிஎன் போடும் முன் அங்குள்ள சட்டத்தைப் படியுங்கள். ஐபியை மறைத்துக் குற்றம் செய்தால் அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில்தான் தொடங்குகிறது.

முடித்ததும் *43 அழுத்துங்கள், உங்கள் குரலே திரும்பி வரும். எவ்வளவு தாமதம் என்று காதே சொல்லும். பிறகு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஸ்கிரீனைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு ஆபீஸிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். ஒலிக்கவில்லையா, வயர்கார்ட், லின்ஃபோன் இரண்டுக்கும் பேட்டரி ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள்.